பிலோவுக்கு நாலு கட்டை கீழே

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். எண்ணூர் பக்கமிருந்து காற்று, மூக்கில் வழக்கமான நெடி.

காட்டுப்பள்ளி போய் ஒரு புரொபெல்லர் பார்த்தேன். நாலு இறக்கை, ஆள் உயரம். போட்டோவில் இருந்த பளபளப்பு நேரிலும் இருந்தது. பளபளப்பை நான் வாங்குவதில்லை. என் யார்டில் வேலை பார்க்கும் பாஷா பாய் சங்கிலி போட்டுத் தூக்க, மரச்சுத்தியால் ஒவ்வொரு இறக்கையாகத் தட்டினேன். ஒன்று, இரண்டு, நான்கு நல்ல மணி. மூன்றாவது கூசியது. ஒரு சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கிடந்து அடித்துக்கொள்கிற மாதிரி. விரிசல். கண்ணுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

பதினேழு வயதில் தோளில் சங்கிலி சுமந்தவன் நான். பழைய கப்பல் சாமான் வியாபாரத்தில் எனக்குக் கைமுதல் என்று இருந்தது இந்தக் காது ஒன்றுதான்.

சாயங்காலம் என் மனைவி பிலோ மாதா கோயில் பாட்டு ஃபைலை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். கீபோர்டு வாசிக்கிற டோனியிடம் சேர்க்க வேண்டுமாம். “திருவிழாவுக்கு காணிக்கப் பாட்டு வேற யார்னா பாடிக்கட்டும்.”

தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூணு மாசம். பேச்சு சரியாகிவிட்டது. மேலே ஏறுகிற சுரம் மட்டும் வரவில்லை. அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டுத்தான் கத்தி வைத்தார். யார் மேலும் குறை இல்லை. ஆனால் பாடாமல் இவள் சமைத்து நான் பார்த்ததில்லை. மூணு மாசமாக அடுப்படியில் குக்கர் சத்தம் மட்டும்.

பூசை நடுவில் காணிக்கை கொண்டுபோகும்போது பாடுகிற பாட்டு அது, தனிக்குரல். இருபத்திரண்டு வருடமாக அவளுடையது.

ஃபைலைக் கொடுக்கவில்லை. வண்டி டிக்கியில் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். சரக்கு உயரமாக இருந்தால் கோடவுன் கதவையா இடிக்கிறோம்? சரக்கைச் சாய்த்து உள்ளே தள்ளுகிறோம். பாட்டைக் கொஞ்சம் இறக்க முடியாதா? எவ்வளவு? யாரைக் கேட்பது? கோயிலில் கேட்டால் அவள் காதுக்குப் போய்விடும். திருவிழா அக்டோபர் 12. ஐந்து வாரம்.


செப்டம்பர் 9, செவ்வாய்

கல்மண்டபம் பக்கம் மொபைல் கடை மாடியில் கீபோர்டு கிளாஸ். செவ்வாய், வியாழன், ஐந்து மணி. ஹேமா டீச்சர், வயது இருபத்தேழு இருக்கும்.

“பேரனுக்கா அங்கிள்?”

“எனக்கு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, “செருப்ப வெளிய விடுங்க அங்கிள்.”

கூடப் படிப்பவர்கள் ஏழு பேர். பெரியவள் அஞ்சாங் கிளாஸ். பக்கத்துப் பிள்ளை காதில் அவள் சொன்னது எனக்கும் கேட்டது: “ஃபெயிலாயி ஃபெயிலாயி இங்கியே கீறாரு போல.”

இன்று தெரிந்தது:
– வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்புக் கட்டை ஐந்து. அதே வரிசை திரும்பத் திரும்ப.
– ச முதல் நி வரை ஏறினால் மறுபடி ஒரு ச. பெயர் அதே. உயரம் வேறு. மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே கதவு எண் மாதிரி.
– ஒட்டி இருக்கிற இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் கூசும்.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். திரும்ப அழுத்தினேன். இன்னொரு தடவை. அது காட்டுப்பள்ளி மூன்றாவது இறக்கை! இத்தனை வருடம் நான் காதால் தள்ளிவிட்ட சரக்கெல்லாம் இந்தச் சத்தம்தான். டீச்சரிடம் சொன்னேன்.

“புரொபெல்லர்னா ஃபேன் மாதிரியா அங்கிள்?”

ஒரு நாள் யார்டுக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்.


செப்டம்பர் 11, வியாழன்

பழைய கீபோர்டு ஒன்று வாங்கி யார்டு ஆபீஸில் வைத்தாச்சு. வீட்டில் வைத்தால் கேள்வி வரும்.

சரக்குக்கு ஒட்டுகிற மாதிரி வெள்ளைக் கட்டைகளுக்கு மட்டும் டேப் ஒட்டி எண் போட்டேன். காணிக்கைப் பாட்டைக் காதில் இருந்ததை வைத்து ஒற்றை விரலால் தேடிப் பிடித்தேன். இரண்டு மணி நேரம். 1-ல் தொடங்குகிறது. அதிகபட்சம் 9 வரை ஏறுகிறது. ஒரு லோடு இறக்கி ஏற்றியிருக்கலாம் அந்த நேரத்தில். ஆனால் வந்துவிட்டது.

அடுத்தது சுலபம் என்று நினைத்தேன். எல்லா எண்ணிலும் இரண்டைக் கழி. 9 என்றால் 7, 8 என்றால் 6. முடிந்தது கதை. வாசித்தேன்.

பாஷா பாய் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “இன்னா மாமு, யார் செத்தது?”

உண்மைதான். அதே பாட்டு, அதே நடை, ஆனால் அழுகிறது. திருவிழாப் பாட்டு பிணத்துக்குப் பின்னால் போகிற மாதிரி இருக்கிறது. கணக்கில் தப்பில்லை. எல்லாவற்றிலும் ஒரே அளவுதானே கழித்தேன்?

தூக்கம் வரவில்லை. பிலோ கேட்டாள், “சரக்குல எதுனா பேஜாரா?” ஆமாம் என்றேன்.


செப்டம்பர் 16, செவ்வாய்

லேசான தூறல். கிளாஸுக்குப் பத்து நிமிடம் முன்பே போய் நின்றேன். அஞ்சாங் கிளாஸ் பெண் எனக்கும் முன்பே வந்திருந்தது. தோற்றுவிட்டேன்.

டீச்சரிடம் அழுகிற பாட்டை வாசித்துக் காட்டினேன். சிரித்தார். பிறகு என் விரலைப் பிடித்து கட்டைகளுக்கு நடுவில் வைத்துக் காட்டினார். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவில் எல்லா இடத்திலும் கறுப்பு இல்லை. மூணுக்கும் நாலுக்கும் நடுவில் இல்லை. ஏழுக்கும் மேல் ச-வுக்கும் நடுவில் இல்லை. அந்த இரண்டும் குட்டிப் படி. மற்றதெல்லாம் பெரிய படி.

“அப்ப மூணரைக் கட்டைனு ஒண்ணு கிடையாதா?”

“கிடையாது அங்கிள். ஒண்ணரை, ரெண்டரை உண்டு. மூணுக்கு அப்புறம் நேரா நாலு. நாலரை, அஞ்சரை, ஆறரை உண்டு. ஏழரை கிடையாது.”

“ஏழரை இல்லாதது நல்லதுதான்.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன், யோசித்துக்கொண்டு. ஒரு ஏணி. ஏழு படி ஏறினால் எட்டாவதாக மாடித் தரை. மூணுக்கு நாலு, ஏழுக்கு எட்டு இரண்டும் கிட்டத்தில். நான் செய்தது ஏணியை இறக்கியதல்ல. அதே ஏணியில் இரண்டு படி கீழே போய் நின்று ஏற ஆரம்பித்திருக்கிறேன். குட்டிப் படி வேறு இடத்தில் வருகிறது. கால் தடுமாறுகிறது. அதுதான் அழுகை.

ஏணியையே தூக்கி இறக்க வேண்டும். கறுப்பும் வேண்டும். எல்லாக் கட்டைக்கும் எண்.

பைக் வந்து இடிக்கப் பார்த்தது. “இன்னா நைனா, கனா கண்டுகினு போற?”


செப்டம்பர் 18, வியாழன்

பழைய டேப்பைக் கிழித்துப் போட்டேன். அரைக் கட்டைக் கணக்கே வேண்டாம். வெள்ளை கறுப்பு பார்க்காமல் வரிசையாக 1, 2, 3. பன்னிரண்டு வரை. மேல் ச 13. பாட்டின் உச்சி இந்தக் கணக்கில் 15.

ஏன் பன்னிரண்டு? டீச்சர் சொன்னது: மேல் ச, கீழ் ச-வைப் போல இரண்டு மடங்கு வேகமாக அதிரும். அந்த இடைவெளியைப் பன்னிரண்டு சமமான படியாகப் பிரித்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு படியில் இரட்டிப்பு. எங்கேயோ கேட்ட கணக்கு. வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 72-ஐ வட்டியால் வகுத்தால் எத்தனை வருடத்தில் இரண்டு மடங்கு என்று தெரியும். பன்னிரண்டு என்றால் வட்டி ஆறு. அப்படியானால் ஒவ்வொரு கட்டையும் முந்தினதைவிட நூற்றுக்கு ஆறு கூட! கால்குலேட்டரில் 1.06-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினேன். 2.01.

கிளாஸில் சொன்னதும் டீச்சர் போனில் தேடிப் பார்த்தார். “அஞ்சு புள்ளி ஒன்பது சொச்சம் அங்கிள். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

சங்கீதம் சாமி வரம் கொடுத்தவர்களுக்கு என்று இத்தனை நாள் ஒதுங்கி இருந்தேன். உள்ளே பார்த்தால் கூட்டு வட்டி.


செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை. பிலோ பாடுகிறவர்களோடு கொயர் பெஞ்சில் உட்காரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு வந்தபோது உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. முதலில் நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். மேலே ஏறுகிற இடம் வந்ததும் உதடும் நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் இரண்டு பேர் கேட்டார்கள், “இன்னாக்கா, பாடலியா?” சிரித்து, “தொண்ட கட்டிகீது” என்றாள். மூணு மாசமாக இதே பதில். இன்னும் எத்தனை நாள் நம்புவார்கள்?

வரும் வழியில் மீன் கடையில் எறா வாங்கினோம். நல்ல எறா.

ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. எவ்வளவு இறக்குவது என்று எனக்கே தெரியாது. இப்போது அவளுக்கு எதுவரை எட்டுகிறது? கேட்டால் சொல்ல மாட்டாள். அளக்க வேண்டும்.


செப்டம்பர் 27, சனி

ஒரு வாரம் அளந்தேன். போனில் பியானோ ஆப், ஒரு காதில் இயர்போன். அவள் வாய் திறந்தவுடன் கட்டையைத் தட்டி ஒத்துப் பார்ப்பது.

– சாதாரணப் பேச்சு: 1-க்கும் கீழே. (கீழே இடம் நிறைய இருக்கிறது. நல்லது.)
– “சாப்புட வா”: 5
– சாயங்கால ஜெபம்: 3, 3, 3, கடைசியில் 1
– மாடியிலிருந்து மீன்காரம்மாவைக் கூப்பிடுவது: 8. பேரம் படியாவிட்டால் 9
– சீரியல் மாமியாரைத் திட்டுவது: 7
– மாடியில் காயும் கருவாட்டைத் தொட்ட காக்கையை விரட்டுவது: 11

இந்த வாரம் மூன்று தடவை காக்கை. மூன்றும் 11. அதற்கு மேல் எதற்கும் போகவில்லை. 15-ல் 11 போனால் 4. நாலு கட்டை இறக்கினால் போதும்.

ராத்திரி சாப்பிடும்போது என் காதையே பார்த்தாள். “யாருயா அது, எப்ப பாரு போனு? செவ்வாய் வியாழன் வேற எங்கியோ போய்கினு கீற.”

“டீலிங்.”

“இன்னா டீலிங், செண்ட் வாசன வர்ற டீலிங்?”

ஏழு பிள்ளைகளுக்கு நடுவில் வியர்வையோடு போய் உட்காரக் கூச்சம், அதனால் செண்ட் போட்டேன். இதை எப்படிச் சொல்வது?


செப்டம்பர் 30, செவ்வாய்

நாலு கட்டை இறக்கி முழுப் பாட்டும் வாசித்தேன். இரண்டு விரல். நாலு கறுப்பு வருகிறது, விரல் சறுக்குகிறது. ஆனால் அழவில்லை. அதே பாட்டு, கொஞ்சம் கீழே உட்கார்ந்து பாடுகிற மாதிரி.

பாஷா பாய் கேட்டுவிட்டு, “இப்ப உசுரோட கீறான் மாமு” என்றார்.


அக்டோபர் 4, சனி

மாட்டிக்கொண்டேன்.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது அளந்த சீட்டு அவள் கையில். நான் உள்ளே வந்ததும் நீட்டினாள்.

“யோவ், இன்னாயா இது? ‘பிலோ, காக்கை 11, அதற்கு மேல் இல்லை.’ என்னிய அளந்துகினு கீறியா?”

கிளாஸ், கீபோர்டு, செண்ட், எல்லாம் சொன்னேன். சந்தேகம் தீர்ந்தது முகத்தில் தெரிந்தது. கோபம் குறையவில்லை.

“ரெக்கைய தட்டிப் பாக்குற மாதிரி என்னியும் தட்டிப் பாத்துட்ட. விரிசல் வுட்ட சரக்கு, வேணாம்னு எழுதிட்டுப் போவ வேண்டியதுதானே?”

சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். அப்புறம் தெரிந்ததைச் சொன்னேன்.

“விரிசல்னா ரெண்டு சத்தம் வரும்மே. உனுக்கு ஒண்ணுதான் வருது. சுத்தமா வருது. எடம்தான் கொஞ்சம் எறங்கிகீது.”

“எறக்கிப் பாடுனா ஊருக்கே தெரியும்யா. பிலோவுக்கு முடியலனு பாட்ட எறக்கிட்டாங்கனு சொல்லுவாங்க. அதுக்கு வாய மூடிகினு கீறதே மேலு.”

தட்டை டொம் என்று வைத்தாள். எண் எழுதவில்லை.


அக்டோபர் 5, ஞாயிறு

பூசைக்குத் தனித்தனியாகப் போன மாதிரிதான்.

முடிந்ததும் டோனியைப் பிடித்தேன். அவன் கன்டெய்னர் யார்டில் கிளார்க், நல்ல பையன், சனி ஞாயிறில் கீபோர்டு.

“அந்தக் காணிக்கப் பாட்டு ஏன் அந்த ஒசரத்துல கீது? யார் வச்சது?”

தலையைச் சொறிந்தான். “எனக்கு வெள்ளக் கட்டதாண்ணே வரும். எனக்கு முன்னாடி வாசிச்ச சாருக்கும் அதான். புக்குல வார்த்த மட்டும்தான் கீது, ஒசரம்லாம் போடல.”

“எறக்க முடியுமா?”

“பட்டன் கீதுண்ணே. அமுக்குனா கீபோர்டே எறங்கிடும், நான் அதே வெள்ளையில வாசிச்சினு போவேன். எத்தினி எறக்கணும்?”

பட்டன்! நாலு வாரம், ஏணி, அழுகை, ஏழரை, எல்லாம். இவனுக்கு ஒரு பட்டன்.

ஆட்டோவில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னேன், டோனி சொன்னதை, விரல் சமாச்சாரம் உட்பட. அவளும் அந்தப் பக்கம் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். டோல்கேட் வந்தது. (ஆட்டோக்காரன் வண்டிக்கு கேஸ் நிரப்ப அங்கே போய்விட்டுத்தான் வருவேன் என்றான்.)

“அப்டியா சொன்னான்?”

“ஆமா.”

இன்னும் கொஞ்ச தூரம்.

“அவனுங்க வெரலுக்காவவா இருவத்திரண்டு வருசம் நான் அவ்ளோ ஒசரம் ஏறுனேன்?”

முகத்தைப் பார்த்தேன். கோபம்தான். ஆனால் என் மேல் இல்லை.


அக்டோபர் 7, செவ்வாய்

டீச்சரிடம் கேட்டேன், பட்டன் இருப்பது தெரியுமா என்று.

“தெரியும் அங்கிள்.”

“மொத நாளே சொல்லிருக்கலாமே?”

“சொல்லிருந்தா ரெண்டாவது கிளாஸுக்கு வந்திருப்பீங்களா?”

இந்தப் பெண் நம் லைனுக்கு வந்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். கோபப்பட முடியவில்லை. தவிர, பட்டனுக்கு இறக்கத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அது என் வேலை. இந்த மாச ஃபீஸ் வேற கட்டியாச்சு. இரண்டு சுரம் சேர்ந்தால் ஏன் சில நேரம் இனிக்கிறது, சில நேரம் கூசுகிறது என்று அடுத்த பாடம். அது எனக்குத் தொழிலுக்கே வேண்டும்.

கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

“இத்த இங்க வச்சா சோறு எங்க வெக்கிறது?”

எடுக்கச் சொல்லவில்லை.


அக்டோபர் 10, வெள்ளி

மழை. யார்டில் தண்ணீர், ஒன்றும் ஓடவில்லை. பாஷா பாய் தொழுகைக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். நானும் சீக்கிரம் வந்தேன்.

வாசலில் செருப்புக் கழற்றும்போது உள்ளே ஏதோ சத்தம். நான் நுழைந்ததும் நின்றது. பிலோ அடுப்படியில், மீன் கழுவிக்கொண்டு, ரொம்ப மும்முரமாக.

கீபோர்டைப் பார்த்தேன். 12-ஆம் கட்டை டேப்பில் மஞ்சள்தூள் விரல் கறை. புதுசு. 11-ல் கொஞ்சம், 12-ல் நிறைய.

துடைக்காமல் விட்டேன்.


அக்டோபர் 11, சனி

“ஃபைலு டோனிகிட்ட குடுத்துட்டியா?”

“டிக்கியில கீது.”

“அஞ்சு வாரமாவா?” முறைத்தாள். எடுத்து வந்து கொடுத்தேன். நாளைய திருவிழாவுக்கு இன்று கொயரில் கடைசி பிராக்டிஸ். புடவை மாற்றிக்கொண்டு போனாள். நான் வரக் கூடாதாம். டோனிக்கு போன் செய்து சொன்னேன்: நாலு. மறக்காதே, நாலு. “சரிண்ணே, நாலு.”

எட்டரைக்குத் திரும்பி வந்தாள். எப்படி இருந்தது என்றேன். “கொயர்ல எல்லாரும் நல்லா கீறாங்க” என்றாள். நான் கேட்டது அதுவா?


அக்டோபர் 12, ஞாயிறு

திருவிழா. மழை விட்டுவிட்டது. கூட்டம் வாசல் வரை. பாஷா பாய் வெளியே தோரணத்துக்குக் கீழே நின்றார், பிரியாணி மட்டும் காரணம் என்று சொன்னார்.

காணிக்கை. பிலோ எழுந்தாள். டோனி என்னைப் பார்த்து நாலு விரல் காட்டினான். தலையாட்டினேன். அப்போது பிலோ குனிந்து அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் முழித்தான். பட்டனை ஒரு தடவை அழுத்தினான்.

 இறக்கினாளா, ஏற்றினாளா?

முதல் சுரம் வந்தது. நான் வாசித்துப் பழகிய இடம் இல்லை. ஒரு கட்டை மேலே. ஏற்றியிருக்கிறாள்! கணக்குப் போட்டேன், உச்சி 11 இல்லை, 12. எட்டாது. கருவாட்டுக் காக்கைக்கே 11-தானே. எழுந்து போய் டோனி கையைப் பிடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

ஏறுகிற இடம் வந்தது. காக்கை விரட்டுகிற உயரம், தெரிந்தது. அங்கே நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போனாள். நின்றாள். நிறுத்திப் பிடித்தாள்.

கூசவில்லை. ஒரே சத்தம்.

பாட்டு இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. பின் பெஞ்சில் ஒரு அம்மா, “தொண்ட சரியாயிட்ச்சி பாரு பிலோவுக்கு.”

வீட்டுக்கு வந்ததும், புடவைகூட மாற்றவில்லை.

“அந்த சீட்டு எங்க?”

“எதுக்கு?”

“நாலுனு எழுதி வச்சிகீற. மூணு. திருத்து.”

“காக்கைக்கு மூணு தடவையும் பதினொண்ணுதானேமே வந்துச்சி...”

“காக்காவுக்குப் போய் யார்னா முழுத் தொண்டயும் குடுப்பாங்களாயா?”

நாலை அடித்துவிட்டு மூன்று.